ஓர் எழுத்து மாறினால்...

மாணவர்களே, 2020-ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தைக் கலங்க வைத்த 'சிவகங்கை' தொற்றுத் திரளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தொடங்கியதால் வந்த பெயர் அது. அத்திரளின் கோவிட் கிருமியில் 'டி614ஜி' என்ற மாற்றம் இருப்பதாக அந்த ஆகஸ்டில் சுகாதாரத் தலைமை இயக்குநர் அறிவித்தார்.

அதற்கு என்ன பொருள்? கிருமியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்புரதம், 1,273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் 614-ஆவது இடத்தில் இருந்த அஸ்பார்ட்டிக் அமிலம் (டி) போய், கிளைசின் (ஜி) வந்துவிட்டது. அவ்வளவுதான்!

முள்ளின் நுனி நம் உயிரணுவின் மேலுள்ள 'ஏசிஇ2' புரதத்தைப் பற்றினால்தான் கிருமி உள்ளே நுழையும். நுனி மடங்கியிருந்தால் பிடி கிடைக்காது; நிமிர்ந்திருந்தால் கிடைக்கும். இந்த மாற்றம் நுனியை அடிக்கடி நிமிரச் செய்கிறது. முள் எளிதில் உடையாமலும் காக்கிறது. அதனால் கிருமி சுலபமாகப் பரவியது.

ஆனால் சிவகங்கையைப் பழிக்காதீர்கள். அதற்கு முன்பே இந்த மாற்றம் பல நாடுகளில் பரவியிருந்தது.

நிமிர்ந்த நுனியில் கிருமிக்கு ஆபத்தும் உண்டு. தடுப்பூசியால் நம் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் பிடிப்பதும் அந்த நுனியைத்தான். அவை முந்திக்கொண்டால், கிருமிக்குக் கதவு திறக்காது.