தரையில் கிடக்கும் போர்க்களம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ஆட்டுக்குப் பஞ்சமே இல்லை. கறுத்த உடம்பும் முகத்தின் இரு பக்கமும் இறங்கும் வெள்ளைக் கோடுமாக நிற்கும் கன்னி ஆட்டை, பேருந்தில் போகிறவர்கூட ஜன்னல் வழியாக அடையாளம் சொல்லிவிடுவார். புலிதான் இங்கே கிடையாது. இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மலையும் காடுமாக இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலையை 2021இல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். கிழக்கே விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் வேலிக்கருவைக்கு அடியில் முயலும் நரியும் தென்பட்டால் பெரிது. இருந்தும் இந்தப் பக்கத்து மடங்களிலும் மந்தைகளிலும் 3 புலிகள் தலைமுறை தலைமுறையாக 15 ஆடுகளைத் துரத்திக்கொண்டே இருக்கின்றன. ஆடுபுலி ஆட்டத்தைத்தான் சொல்கிறேன்.

ஆட்டத்தைவிட, அது நடக்கும் அந்தக் கோட்டுப்படத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன். ஒருமுறை வரைந்துவிட்டால் ஆயிரம் சண்டைக்கு உதவும் களம் அது. அப்படி ஒரு களத்தை அமைப்பதும் ஒரு கைத்தொழில்தான்.

வரைவது எளிது. முதலில் ஒரு பெரிய முக்கோணம். அதன் உச்சியிலிருந்தே இன்னும் இரண்டு கோடுகளை அடிக்கோடு வரை இறக்குங்கள். இப்போது உச்சியிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கும். அடுத்து முக்கோணத்தின் நடுவில் குறுக்காக 3 கோடுகள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் முக்கோணத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். நீட்டிய முனைகளை இடப்பக்கம் ஒரு நெடுங்கோட்டாலும் வலப்பக்கம் இன்னொன்றாலும் சேர்த்துவிட்டால் களம் தயார். எண்ணிப் பாருங்கள்: உச்சியில் 1, குறுக்குக் கோடு மூன்றிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

புலிக்காரர் உச்சியை ஒட்டி 3 புலிகளை வைப்பார். ஆட்டுக்காரர் தன் 15 ஆடுகளையும் ஒவ்வொன்றாக இறக்குவார். எல்லா ஆடும் இறங்கும் வரை அவரால் எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. புலியோ ஆரம்பத்திலிருந்தே நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடு யாரையும் வெட்டாது. மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சண்டையின் சூட்சுமம் முழுவதும் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ஆட்டைத் தாண்ட வேண்டுமானால், அது நிற்கும் புள்ளியின் வழியாக நேர்கோடு ஒன்று ஊடுருவிப் போக வேண்டும். இடவலமாக நீட்டிய பெட்டியின் 4 மூலைகளிலும், அடிக்கோட்டின் 2 முனைகளிலும் எந்தக் கோடும் ஊடுருவாது. அங்கே வந்து முடிந்துவிடும். ஆக அந்த 6 புள்ளிகளில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் தொட முடியாது. அனுபவமுள்ள ஆட்டுக்காரர் முதலில் அந்த மூலைகளைத்தான் பிடிப்பார்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். உச்சியில் இருக்கும் புலியை அடைக்க வேண்டுமானால், அதற்குக் கீழே 4 புள்ளிகளிலும், தாண்டிக் குதிக்க இடமில்லாதபடி அவற்றுக்கும் கீழே 4 புள்ளிகளிலும் ஆடு நிற்க வேண்டும். 8 ஆடு செலவு. பெட்டி மூலையில் சிக்கிய புலிக்குப் போக இரண்டே வழிதான். வழிக்கு 2 ஆடு என்று 4 ஆடு போதும். ஆட்டுக்குக் காப்பிடமாக இருக்கும் அதே மூலை புலிக்குக் கொட்டடி. 18 காய்களும் இறங்கிவிட்டால் களத்தில் 5 புள்ளிகள்தான் காலி. ஒவ்வொரு ஆடு வெட்டுப்படும்போதும் காலியிடம் ஒன்று கூடும், புலிக்கு மூச்சு வரும். இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு வரைந்தாரா, ஆடி ஆடித் தேய்ந்து இந்த வடிவுக்கு வந்ததா, யார் கண்டது? எப்படி வந்திருந்தாலும் கோட்டின் நேர்த்தி வியக்க வைக்கிறது.

நேபாளத்தில் இதன் பங்காளி ஆட்டம் உண்டு. பாக்சால் என்று பெயர். 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. 2000களில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிம் யூ ஜின் அதைக் கணினியில் அலசி, இரண்டு பேரும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று காட்டினார். பலம் இப்படி ஏறுமாறாக இருக்கும் இரண்டு படைகளைக் கோடுகளாலேயே சமன் செய்ய முடிகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சேதி.

இந்தக் களம் எங்கெல்லாம் கிடக்கிறது? கரிக்கட்டையால் திண்ணையில் இழுக்கலாம், ஆடு மேய்க்கும் இடத்தில் குச்சியால் மண்ணில் கீறலாம். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கரிசலில் கோடு நிற்காது. அதனாலோ என்னவோ, நாலு பேர் கூடி உட்காரும் இடங்களில் கல்லிலேயே கொத்தி வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் பழைய மண்டபங்கள், சாவடிகளின் தளத்தில் இந்த வடிவத்தைப் பல இடங்களில் பார்க்கலாம். ஹம்பியின் பாறைகளிலும் இப்படிப் பலவகை ஆட்டக் கோடுகள் கிடக்கின்றன. கல்லில் கொத்தியவர் காயைக் கொத்தவில்லை. காய் அன்றன்றைக்குக் கிடைப்பது: புளியமுத்து, கூழாங்கல், உடைந்த ஓட்டுச்சில். ஆட்டம் முடிந்ததும் அதை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போகலாம்.

மாறாதது எதுவோ அதை மட்டும் களத்தில் வரை, மாறுவதையெல்லாம் கையில் வைத்துக்கொள். திரும்பத் திரும்பப் பயன்பட வேண்டிய எந்தப் போர்க்களப் படத்துக்கும் இதுதான் அடிப்படை. கடலுக்குப் போனாலும் இது மாறவில்லை. நார்வேயில் 1880இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டப்பலகை ஒன்றும் கிடைத்தது. ஒரு பக்கம் ஒரு ஆட்டம், மறுபக்கம் இன்னொன்று. ஒரே பலகையில் இரண்டு களம் வைத்துக் கடலோடியிருக்கிறார்கள்.

1942இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள் மந்தையாகப் போகும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கூட்டமாக வந்து வேட்டையாடும். தடுக்க வழி தேட, கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் கடற்படை ஒரு பிரிவைத் தொடங்கியது. அவர்கள் கையில் இருந்த முக்கியக் கருவி, கட்டம் போட்ட ஒரு தரை! காவல் கப்பல்கள் போகும் தடத்தை வெள்ளைச் சாக்பீஸால் தரையில் வரைவார்கள். நீர்மூழ்கியின் தடம் பச்சைச் சாக்பீஸில். தூரத்திலிருந்து அது கண்ணில் படாது. பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித் திரையில் இருக்கும் ஓட்டை வழியாக மட்டும் களத்தைப் பார்த்து உத்தரவு போட வேண்டும், நடுக்கடலில் கண்ணுக்கு எட்டுவது அவ்வளவுதான் என்பதால். கப்பல்களை நகர்த்தியும் கணக்குப் போட்டும் ஆட்டத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடுவதாகவே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது பின்பக்கமாகப் புகுந்து மந்தைக்கு நடுவிலிருந்தே தாக்குகிறது என்பதை இந்தத் தரையில் ஆடிப் பார்த்துத்தான் பிடித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தரையைத் துடைப்பார்கள். கட்டம் அப்படியே இருக்கும், அடுத்த அணி உள்ளே வரும்.

போர்ப் பயிற்சிக்கான இத்தகைய ஆட்டங்களின் வழியில் வந்ததுதான் இன்று உலகெங்கும் ஆடும் வேடமேற்பு மேசை விளையாட்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதன் முன்னோடி. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே இந்த இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து பாய்மரக் கப்பல் சண்டைக்கென ஒரு விதிநூல் எழுதியிருந்தார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் மாலுமியாகவோ கொள்ளையனாகவோ ஆளுக்கொரு வேடம் ஏற்றுக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். சண்டை மூண்டால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் கட்டம் போட்ட வரைபடம்: பொதுவாக ஒரு அங்குலக் கட்டம் 5 அடிக்குச் சமம்.

கப்பல் சண்டைக்கு நீங்களே படம் செய்து பாருங்கள். 100 அடி நீளமும் 25 அடி அகலமும் உள்ள கப்பல் என்று வைத்துக்கொண்டால் 20 கட்டம் நீளம், 5 கட்டம் அகலம். ஒரு சார்ட் அட்டைக்குள் அடங்கும். அதில் எதை வரைவது? ஆணி அடித்து நிற்பதை மட்டும்: கைப்பிடிச் சுவர், பாய்மரத்தின் அடி, சுக்கான், கீழ்த்தளத்துக்கு இறங்கும் வாசல். பீப்பாய், மூட்டை, கயிற்றுச் சுருள், தீ, ஓட்டை எதையும் வரையாதீர்கள். அவற்றைத் தனித்தனி அட்டைத் துண்டாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒரே கப்பல் இன்றைக்கு முத்து வணிகரின் கப்பலாகவும் அடுத்த வாரம் கொள்ளைக் கப்பலாகவும் இருக்கும். பீப்பாயை வரைந்துவிட்டால் ஒவ்வொரு கதையிலும் அதே பீப்பாய் அதே இடத்தில் நிற்கும்; ஆடுபவர்கள் அதற்குப் பின்னால்தான் ஒளிவார்கள். மேலே லேமினேஷன் போட்டுவிட்டால் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதித் துடைக்கலாம். கீழ்த்தளத்துக்குத் தனி அட்டை வேண்டும். இறங்கும் வாசல் இரண்டிலும் ஒரே கட்டத்தில் அமைய வேண்டும்.

ஆடுபுலிக் களத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே களம் அசையாது. இங்கே களமே நகரும்: கப்பல் திரும்பும், எதிரிக் கப்பலை ஒட்டி வரும், விலகும். அதனால் கடலோடு சேர்த்து ஒரே தாளில் கப்பலை வரைந்தவர்கள் ஒரு சண்டையோடு அதை மூட்டை கட்ட வேண்டியதுதான். கப்பலின் விளிம்பை ஒட்டி வெட்டி எடுத்துவிடுங்கள். கடலுக்கு ஒரு நீலத் துணி போதும். இரண்டு கப்பலை அருகருகே வைத்து நடுவில் ஒரு அங்குல அகலத்தில் பலகைத் துண்டு போட்டால் ஆட்கள் தாவி ஏறத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் ஆடக் கதை வேண்டுமானால் தொலைவுக்குப் போக வேண்டாம். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு ஓடும் குண்டாறு கமுதிப் பக்கமாகக் கடலை நோக்கித்தான் போகிறது. அந்த ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கு அருகே இருக்கும் வேதாளையில் 1538இல் பெரிய கடற்சண்டை நடந்தது. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கப்பற்படை பட்டு மரைக்காயர் தலைமையில் அங்கே வந்து கரையை ஒட்டி நிற்க, மார்ட்டிம் அஃபோன்ஸோ டி சோசா தலைமையில் போர்த்துகீசியர் எதிர்பாராத நேரத்தில் பாய்ந்தார்கள்; வென்றவர்களும் அவர்களே. இதற்கு நீலத் துணியோடு மணல் நிறத்தில் இன்னொரு துணியும் வேண்டும். கப்பல் அட்டைகள் ஆறேழு இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வெட்டி, யாருடையது என்று தெரியக் கொடிச் சீட்டை மட்டும் மாற்றிச் செருகிக்கொள்ளுங்கள். மரைக்காயரின் ஆட்களுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே சேதி எட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம்.