குளிருக்கு எந்த யந்திரம்?

ஏலப்பாறையின் மார்கழிக் குளிரை நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சமவெளியில் ரயில்வே எழுத்தனாக இருக்கும் எனக்கு, மலையில் வாழும் அன்னையின் குளிரே கவலை.

லயத்து அறையில் கதவைச் சாத்திக் கரியடுப்பின் அருகே உறங்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கம்பிச்சுருள் ஹீட்டர் ஒரு பங்கு மின்சாரத்திற்கு ஒரு பங்கு வெப்பமே தரும். வெப்பப் பம்போ வெப்பத்தை உண்டாக்குவதன்று. வெளிக்காற்றில் உள்ளதை இறைத்து உள்ளே சேர்ப்பது. ஆதலால் ஏறக்குறைய மூன்று பங்கு கிடைக்கும். கோடையில் அதுவே திசை மாறி அறையைக் குளிர்விக்கும். ஸ்விட்ஸர்லாந்தின் ஸூரிச் நகர மண்டபத்தை 1938-ல் ஆற்று நீரின் வெப்பத்தைக் கொண்டே இம்முறையில் சூடேற்றினர். அந்நாட்டுக் குளிரை நோக்க நம் மலைக்குளிர் இதற்கு எளிது.

சொந்த வீடு கட்டியோர் கடையில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏ.சி. என்றே கேட்க வேண்டும், சாதாரண ஏ.சி. சூடு தராது. நட்சத்திரக் குறியையும் பார்த்து வாங்குக. ஆனால் கூரையில் இடைவெளி இருப்பின் எந்த யந்திரமும் ஓட்டைக் குடத்தில் வார்த்த நீரே. கரியை விலக்குக, இடைவெளியை அடைக்குக, பின்னரே பணப்பையைத் திறக்குக.