க்ரோனி ஓடுகிறது, கடிகாரம்?

லாக் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சர்வர் கேள்வி அனுப்புவதற்கு 3 விநாடி முன்னாலேயே இன்னொன்று பதில் சொல்லிவிட்டதாம்! இரண்டுமே அமேசான் கிளவுடில் இருக்கிற என் சர்வர்கள். பதில் சொன்னதன் கடிகாரம் பின்தங்கியிருந்தது.

நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நின்றுபோச்சா என்று பார்த்தால், ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் 'க்ரோனிசி ட்ராக்கிங்' கட்டளை, 'நாட் சிங்க்ரனைஸ்டு' என்றது. தப்பு என்னுடையதுதான். பாதுகாப்புக்கென்று செக்யூரிட்டி குரூப்பில் வெளியே போகும் யுடிபி 123 போர்ட்டை அடைத்திருந்தேன். பொது என்டிபி சர்வர்களிடம் நேரம் கேட்கும் வழியே அதுதான்.

க்ரோனியின் கான்ஃபிக் ஃபைலில் அவற்றுக்குப் பதில் 169.254.169.123 என்று போட்டேன். அது அமேசானின் சொந்த டைம் சிங்க் சேவை. இன்டர்நெட்டும் வேண்டாம், செக்யூரிட்டி குரூப் விதியும் வேண்டாம்.

அதே ஃபைலில் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியும் முக்கியம். தொடங்கியதும் முதல் 3 திருத்தங்களுக்குள் 1 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரே தாவலில் சரிசெய்யும். அதற்கப்புறம் மெல்ல மெல்லத்தான் நகர்த்தும். ஏன்? ஓடும்போது நேரம் சட்டென்று பின்னால் போனால், எந்தப் பதிவு முந்தியது என்றே டேட்டாபேஸ் குழம்பிவிடும்.

க்ரோனியை ரீஸ்டார்ட் செய்தேன். 3 விநாடி காணாமல் போச்சு.

சர்வீஸ் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீங்க. ட்ராக்கிங்கையும் ஒருமுறை பாருங்க.