வீதியோரத்தில் மண்ணின் செடிகள்

வெள்ளவத்தை என்னும் பெயர் மணலையும் தோட்டத்தையும் ஒருங்கே குறிப்பதாகும். சிங்களத்தில் 'வெல்ல' என்பது மணல். 'வத்த' என்பது தோட்டம். அப்பெயர்க்குரிய தோட்டத்தைக் காலி வீதியின் இருமருங்கிலும் இன்று காண்பது அரிது. மதிலுக்கும் தார் வீதிக்கும் இடையே ஆங்காங்கு எஞ்சியுள்ள மண்ணும் சீமெந்தால் மூடப்படுமாயின், மழைநீர் நிலத்துட் புகுதற்கு வழியில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் நகருக்கு இது சிறு குறையன்று. நிலம் உறிஞ்சாத நீர் வடிகானை நிரப்பி வீட்டு வாயிலை அடைகின்றது.

ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1921ஆம் ஆண்டில் கொழும்பின் நகர அமைப்புப் பற்றி அறிக்கை ஒன்று எழுதினார். கொழும்பைப் பூங்கா நகராக்குவதே அவர் எண்ணம். அத்தகைய நகரை அரசு மட்டும் ஆக்கிவிட இயலாது. வீதியில் வாழ்வோரும் கைகொடுத்தல் வேண்டும்.

இதற்கு மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர் நல்ல சான்று. அதுவும் மணல்மேல் அமைந்த நகரே. 1970ஆம் ஆண்டுகள் தொட்டு அங்கு மழை குறைந்து வந்தமையால், வீதியோரப் புற்றரைக்கு நீரிறைப்பது பெருஞ்சுமையாயிற்று. ஆகவே குடியிருப்போர் பலர் புல்லை அகற்றி, அம்மண்ணுக்குரிய செடிகளை நட்டனர். உள்ளூர்ச் சபைகள் சில, செலவில் ஒரு பங்கை ஏற்றுத் துணைநின்றன. நிலம் பொதுவினது, பராமரிப்பு வீட்டாரது. பேர்த்தில் நீர் போதாது. கொழும்பில் நீர் இறங்க இடம் போதாது. எனினும் இரண்டிடத்தும் அம்முறை பொருந்துவதே.

மண்ணின் செடிகளே ஏன் வேண்டும்? அவை இவ்விடத்து வெயிலுக்கும் மழைக்கும் பழகியவை. முதலாண்டில் நீரூற்றிப் பேணினால், வேரூன்றியபின் மிகுந்த கவனம் வேண்டா. வேற்றுநாட்டுச் செடிகள் யாவும் தீயனவல்ல. ஆயினும் 1826ஆம் ஆண்டில் அழகுக்காகப் பேராதனைப் பூங்காவுக்குக் கொணரப்பட்ட நாயுண்ணிச் செடி, பின்னர் வேலி கடந்து நாடெங்கும் பரவிய கதை எச்சரிக்கையாக உள்ளது. மேலும், வண்ணத்துப்பூச்சிகள் எல்லா இலையிலும் முட்டையிடுவதில்லை. கறிவேப்பிலையிற் சிலவும் எருக்கிலையிற் சிலவும் வளரும். இலங்கைக்கே உரிய, மஞ்சட் சிறகுடைய பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு ஈசுரமூலிக் கொடியின் இலையை உண்டு வளர்வது.

இடமறிந்து நடுதல் இன்றியமையாதது. உப்புக்காற்று வீசும் வெள்ளவத்தைக் கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. ஆனால் மின்கம்பியின் கீழ்ப் பெருமரம் ஆகாது. அங்கு வெட்சி போதும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களில் இடம் இன்னுங் குறைவு. ஆயினும் சிறிது வெளி கிடைக்குமிடத்து ஒரு கொன்றை நின்றால், நிழலும் கிட்டும்; பொன்னம்பலவாணேசர் கோயிற் பூசைக்குப் பூவும் கிட்டும்.

நுளம்பு பற்றிய அச்சம் நியாயமானது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயால் பாதிக்கப்பட்டனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு தேங்கிய நீரிலே முட்டையிடுவது. நீரை உறிஞ்சும் மண்ணில் அன்று. எனவே செடியைத் தரையிலே நடுதல் நன்று. நீர் தேங்கும் சட்டியும் சிரட்டையும் ஒழிக்கப்படல் வேண்டும். இலைக்கவட்டில் நீர் தேக்கும் தாழை, நம் மண்ணின் செடியேயாயினும், வீட்டு வாயிலுக்கு உகந்ததன்று.

வீதியோரம் தனியொருவர் உடைமையன்று. மாநகர சபையின் இசைவு பெறுதலும், நடைபாதையை மறியாதிருத்தலும், சந்திகளில் வாகனமோட்டிகளின் பார்வையை மறைக்காதிருத்தலும் கடமைகளாம். ஒரு வீட்டார் மட்டும் நட்டால் அது ஓர் அலங்காரமாகவே நிற்கும். தெருவார் அனைவரும் நட்டால் வெள்ளத்தைத் தணிக்கும். கடற்கரை மணலைப் பற்றிக் காக்கும் அடம்பன் கொடியைக் கண்டே, அது திரண்டால் மிடுக்கு என்று முன்னோர் கூறிவைத்தனர்.