பந்தலில் பிறந்த பாட்டு

திருவொற்றியூரில் பாட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வடிவுடையம்மன்மீது தியாகராஜ சுவாமிகள் பாடிய ஐந்து கீர்த்தனைகள் ‘திருவொற்றியூர் பஞ்சரத்தினம்’ என்று ஸ்வரக் குறிப்போடு அச்சில் கிடைக்கின்றன. அதே ஊரின் குப்பங்களிலும் ஆலைத் தொழிலாளர் தெருக்களிலும் விடிய விடியப் பாடிய கானாவை யாரும் எழுதி வைக்கவில்லை.

அன்று கானா என்றால் சாவு வீடுதான். வாசலில் பந்தல், டியூப் லைட், நாலு பெஞ்சு. டோலக் கிடைத்தால் டோலக். இல்லையென்றால் தகர டப்பா, மேஜை, தீப்பெட்டி. எல்லாருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் செத்தவரின் பெயர், பார்த்த வேலை, வளர்த்த பிள்ளைகள், வைத்துவிட்டுப் போன கடன் என எல்லாம் வரிவரியாக வந்து விழும். விடிந்தால் அந்தப் பாட்டின் ஆயுசும் முடிந்தது. பாடியவர் பெயர் பேட்டையைத் தாண்டாது. பறை அடிப்பவர் தெரு ஓரம் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டி நாதம் பார்ப்பார். ‘சாவு மோளம்’ என்று ஊர் அவரைத் தள்ளியே வைத்திருந்தது.

தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைச் சினிமாவுக்குள் கொண்டுவந்தார். 2012இல் ‘அட்டகத்தி’ படம் பாடகர் கானா பாலாவை வீட்டுக்கு வீடு சேர்த்தது. பெரிய திருப்பம் 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 19 பேர் கொண்ட ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு அன்றுதான் முதலில் மேடையேறியது. கிதார், டிரம்ஸ் பக்கத்தில் பறைக்கும் சட்டிக்கும் சரிசமமாக மைக். இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின. ஆண்களின் பந்தலாக இருந்த கானாவில் ராயபுரத்து இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இப்போது யூடியூபில் ஏறும் கானாவுக்கு இரவல் மெட்டு ஒத்துவராது. சொந்த மெட்டு வேண்டும். பாடகருக்குப் பெயரும் சம்பளமும் உண்டு. மழைக்கும் பனிக்கும் தொய்யாத ஃபைபர் பறையும் வந்துவிட்டது.

மேடையில் கானா ஊருக்கெல்லாம் பொதுவான கோபத்தைப் பாடுகிறது. அது பாட வேண்டிய கோபம்தான். ஆனால் பேப்பரில் பெயர் வராத ஒரு கூலிக்காரரின் வாழ்க்கையை அவர் பெயர் சொல்லிப் பாட, இன்றும் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும். மேடை கண்ட பாடகர்களும் அந்த அழைப்பை மறுக்காதவரை, கானாவுக்குக் குறையொன்றுமில்லை.