எழுதி எழுதியே திணறும் பிரவுசர்

முகவரிப் பட்டையில் இரண்டு எழுத்து தட்டியதும் பிரவுசர் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகரும், பக்கம் நகராது. சில நொடி கழித்து, தட்டிய எழுத்தெல்லாம் ஒரேயடியாக வந்து விழும். பென் டிரைவில் பிரவுசர் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் பழகிய தொல்லை. பெரும்பாலோர் நெட் சரியில்லை என்பார்கள். சிலர் கணினி பழசு என்பார்கள். பல நேரம் இரண்டுமே காரணம் இல்லை.

சொந்தக் கணினி இல்லாத மாணவர், நூலகத்துப் பொதுக் கணினியில் வேலை தேடுகிறவர், ஒரே கணினியை மூன்று பேரோடு பங்கிடும் ஊழியர் ஆகியோருக்கு இணையத்தில் தமக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்த பென் டிரைவ்தான். சேர்த்து வைத்த புக்மார்க்குகள், கடவுச்சொற்கள், பாதி படித்த பக்கங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அது திணறுவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சரிசெய்யக் காசும் வேண்டாம் என்பதால் இன்னும் அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

2004-இல் ஜான் ஹாலர் என்ற அமெரிக்க நிரலாளர், ஃபயர்பாக்ஸைக் கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும்படி தொகுத்து வெளியிட்டார். போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற திட்டம் அதிலிருந்துதான் வளர்ந்தது. இந்த வேலைக்கு இன்றும் நான் சொல்வது ஃபயர்பாக்ஸைத்தான். விண்டோஸில் குரோம் தன்னிடமுள்ள கடவுச்சொற்களை அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு பிணைத்துப் பூட்டுகிறது. வேறு கணினிக்குக் கொண்டுபோனால் பூட்டு திறக்காது. ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றையும் தன் புரொஃபைல் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது.

சரி, ஏன் நின்று நின்று போகிறது? பென் டிரைவுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் வாசிப்பதில் சுறுசுறுப்பானது, எழுதுவதில் அப்படி இல்லை. ஒருமுறை எழுதிய இடத்தின்மேல் அப்படியே மறுபடி எழுத அதனால் முடியாது. முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக நடக்கும். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த பிளாக் பிளாக்காகத்தான் நடக்கும். ஒரு வரியைத் திருத்த நோட்டுப் புத்தகத்தையே புதிதாகப் படியெடுப்பது போன்ற வேலை அது. எஸ்எஸ்டி-யில் இதைச் சமாளிக்கத் திறமையான கன்ட்ரோலர் இருக்கிறது. மலிவான பென் டிரைவில் இருப்பது மிக எளிய சிப். அதனால் பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை அதில் மளமளவென்று ஏற்றலாம். ஆனால் 4 கிலோபைட் துணுக்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதச் சொன்னால், நொடிக்கு 1 எம்பி கூட எட்டாத டிரைவ்கள் ஏராளம்.

பிரவுசர் செய்வது இந்தத் துணுக்கு வேலையைத்தான். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் வரலாற்றில் ஒரு பதிவு, குக்கீயில் சில பதிவுகள், தளத்தின் சின்னப் படம், தற்காலிகச் சேமிப்பான கேச்சில் பல டஜன் கோப்புகள் என்று எழுதிக்கொண்டே இருக்கும். வரலாறும் குக்கீயும் எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள். மின்சாரம் போனாலும் தரவு கெடக்கூடாது என்பதற்காக, எழுதியது உண்மையிலேயே டிரைவில் இறங்கிவிட்டதா என்று எஸ்க்யூலைட் அவ்வப்போது காத்திருந்து உறுதிசெய்யும். அந்தக் காத்திருப்புதான் நம் கண்ணுக்கு உறைதலாகத் தெரிகிறது. 2008-இல் ஃபயர்பாக்ஸ் 3-இன் சோதனைப் பதிப்புகளை லினக்ஸில் ஓட்டியவர்கள் வன்தட்டிலேயே இதை அனுபவித்தார்கள். தரவுத்தளம் தன் சிறு பதிவை உறுதிசெய்யக் கேட்டபோது, அன்றைய இஎக்ஸ்டி3 கோப்பு முறை, நிலுவையில் இருந்த மற்ற தரவையும் சேர்த்து எழுதி முடிக்கும்வரை பிரவுசரை நிறுத்தி வைத்தது.

ஆகவே மருந்து, எழுதுவதைக் குறைப்பதே. முதலில் கேச். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் ‘அபௌட்:கான்ஃபிக்’ என்ற ஆங்கிலக் கட்டளையைத் தட்டி, ‘பிரவுசர்.கேச்.டிஸ்க்.எனேபிள்’ என்பதைத் தேடி ஃபால்ஸ் என்று மாற்றுங்கள். கேச் இனி கணினியின் ரேமில் மட்டும் இருக்கும்; பிரவுசரை மூடினால் போய்விடும். பென் டிரைவுக்கென்று தொகுத்த பதிப்புதானே, இதெல்லாம் தேவையா என்று கேட்கலாம். வீட்டுக் கணினியில் இருந்த பழைய புரொஃபைலை அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தால், அதன் அமைப்புகளும் கூடவே வந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது ‘பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வல்’. திறந்திருக்கும் டேப்களில் மாற்றம் இருந்தால் 15 நொடிக்கு ஒருமுறை அவற்றைக் கோப்பில் குறித்துவைக்கும் அமைப்பு இது. மில்லிநொடிக் கணக்கில் 15000 என்று இருப்பதை 300000 ஆக்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றாகும். பிரவுசர் திடீரென்று விழுந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் திறந்த டேப்கள் திரும்ப வராமல் போகலாம். அந்த இழப்புக்குச் சம்மதித்துத்தான் மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், தகும். பல வருட வரலாறு குவிந்திருந்தால் ‘அபௌட்:சப்போர்ட்’ பக்கத்தில், அந்த வரலாற்றை வைத்திருக்கும் பிளேசஸ் தரவுத்தளத்துக்கு நேரே உள்ள சரிபார்ப்புப் பொத்தானை அழுத்துங்கள். தேவையில்லாத எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றுங்கள். டிரைவில் எப்போதும் கொஞ்சம் காலி இடம் விட்டு வையுங்கள். நிரம்பி வழியும் ஃபிளாஷில் அழித்து எழுதும் பாடு இன்னும் கூடும்.

எழுத வேண்டியதை ரேமில் தேக்கிவைத்துப் பிறகு டிரைவில் இறக்கும் ரைட் கேச்சிங் பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளி டிரைவ்களைச் சட்டென்று பிடுங்க வசதியாக அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மாற்றினால் வேகம் கூடக்கூடும். ஆனால் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் புரொஃபைலே கெட்டுப்போகலாம். சொந்தக் கணினியில் மட்டும் செய்யத்தக்கது இது.

இத்தனைக்குப் பிறகும் திணறினால் டிரைவை மாற்ற வேண்டியதுதான். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எம்பி கணக்கை நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது பெரிய கோப்பை வரிசையாக வாசிக்கும் வேகம். நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகுவதும் பிரவுசர் திறக்கும் நேரத்தைத்தான் குறைக்கும், நடுவில் உறைவதைப் பெரிதாகக் குறைக்காது. துணுக்கு வேகத்துக்கு உத்தரவாதம் தரும் முத்திரை எஸ்டி கார்டுகளில் உண்டு: ஏ1 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 1500 முறை வாசிக்கும், 500 முறை எழுதும். கார்டு ரீடரில் செருகிய ஏ1 கார்டு, பெயர் தெரியாத பென் டிரைவைவிட நம்பகமானது. கையில் காசிருந்தால் சிறிய வெளி எஸ்எஸ்டி வாங்கலாம். அதில் இந்தத் தொல்லை அநேகமாகத் தீர்ந்துவிடும்.

எதை வாங்கினாலும் ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல்லை இட்டு வையுங்கள். சேமித்த கடவுச்சொற்கள் எந்தக் கணினியிலும் திறக்கும் என்பது, டிரைவ் தொலைந்தால் அதைக் கண்டெடுத்தவருக்கும் பொருந்தும்.