குழாய் நீண்டால் செலவும் நீளும்

மாணவர்களே, கழிப்பறையில் ஊற்றும் நீர் அதன்பிறகு எங்கே போகிறது? பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வசிப்பவர் ஒரு பதில் சொல்வார். கிள்ளானைத் தாண்டி, காப்பார் பக்கம் கம்பத்தில் வசிப்பவர் வேறொரு பதில் சொல்வார். இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் செலவு. அந்தச் செலவைத் தீர்மானிப்பவை நீங்கள் அறிவியல் பாடத்தில் படிக்கும் புவியீர்ப்பும் நுண்ணுயிர்களும்தான்.

24 சென்னில் 1,000 லிட்டர்

முதலில் பட்டணத்தைப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பந்தாய் டாலாமில் ஒரு பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நிலத்துக்கு அடியில் இயங்குகிறது. அதன் மேலே மக்கள் நடைப்பயிற்சி செய்யும் பூங்கா இருக்கிறது. சுமார் 14 லட்சம் பேரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்துவார்கள். காற்று கிடைத்ததும் பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் கலந்துள்ள கழிவைத் தின்று தீர்க்கும்.

மலேசியாவில் கழிவுநீர் அமைப்புகளை வடிவமைக்கும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர், ஒரு வீட்டில் 5 பேர் என்று கணக்கிடுவார்கள். அப்படியானால் ஒரு வீட்டிலிருந்து நாளொன்றுக்கு 1,125 லிட்டர் கழிவுநீர் வெளியேறும். 30 நாளில் அது 33,750 லிட்டர் ஆகிவிடும். பொதுக் குழாயுடன் இணைந்த சாதாரண வீட்டுக்கு இண்டா வாட்டர் நிறுவனம் பல ஆண்டுகளாக வசூலித்த கட்டணம் மாதம் 8 ரிங்கிட். வகுத்துப் பாருங்கள்: 1,000 லிட்டரைச் சுத்தம் செய்ய ஏறக்குறைய 24 சென்! கம்பம், புதுக்கிராமம், தோட்டம் ஆகிய இடங்களில் உள்ள வீடுகளுக்கு அதே அட்டவணையில் இருந்தது வெறும் 3 ரிங்கிட்.

கட்டணம் இவ்வளவு குறைவு என்றால், கம்பத்து வீடுகள் எல்லாம் ஏன் பொதுக் குழாயில் இணையவில்லை? மாதக் கட்டணம் இங்கே பெரிய தடையில்லை. அந்தக் குழாய் வீடுவரை வந்து சேர்வதற்கு ஆகும் செலவுதான் தடை.

80 மடங்கு

ஒரு கணக்கு போடுவோம். 100 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக்கு 50 மீட்டர் குழாய் பதித்தால், ஒரு வீட்டின் பங்கு அரை மீட்டர். கம்பத்தில் 40 மீட்டருக்கு ஒரு வீடாகப் பத்து வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே 400 மீட்டர் குழாய் வேண்டும். ஒரு வீட்டின் பங்கு 40 மீட்டர், அதாவது 80 மடங்கு.

இது சாலையில் பதிக்கும் குழாய்க்கு மட்டும் உள்ள கணக்கு. குளியலறையிலிருந்து பொதுக் குழாய்வரை போகும் இணைப்புக் குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு. முற்றத்தைத் தோண்ட வேண்டும், சிமெண்டுத் தரையை உடைத்துப் பிறகு பூச வேண்டும், பழைய செப்டிக் தொட்டியைக் காலி செய்து மூட வேண்டும். வீடு சாலையிலிருந்து தள்ளி இருக்க இருக்க, இந்தச் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

தரை சமமாக இருந்தால் சிரமம்

கழிவுநீர்க் குழாயில் நீரை இழுத்துச் செல்வது புவியீர்ப்பு. அதற்காகக் குழாயைச் சரிவாகப் பதிக்கிறார்கள். சரிவு போதாவிட்டால் நீர் மெதுவாக ஓடும், திடக்கழிவு குழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும்.

150 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேடான நிலத்தில் தரையே சரிந்து உதவிசெய்யும். கிள்ளான் கடலோரப் பகுதி பெரும்பாலும் சமதரை. அங்கே 600 மீட்டர் போவதற்குள் குழாய் 4 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த மண் மென்மையானது, நிலத்தடி நீரும் மேலேயே இருக்கிறது. தோண்டும் குழியில் நீர் ஊறும், பக்கங்கள் சரியும். அவற்றைத் தாங்கிப் பிடிக்கவும் நீரை இறைக்கவும் தனிச் செலவு ஆகும். அதற்கும் மேல் ஆழம் போக முடியாத இடத்தில் பம்பு நிலையம் கட்ட வேண்டும், அதற்கு மின்சாரக் கட்டணம் மாதந்தோறும் வரும்.

தொட்டியும் ஒரு தொழிற்சாலைதான்

ஆகவே, தள்ளித் தள்ளி வீடுகள் இருக்கும் இடத்தில் செப்டிக் தொட்டி வைப்பது பொருத்தமான தீர்வு. தொட்டிக்குள் கனமான கழிவு அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும். ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் படிந்த கழிவைச் சிதைக்கும். இடையில் உள்ள நீர் வெளியேறும்.

ஆனால், பாக்டீரியாக்களால் முழுவதையும் கரைக்க முடியாது. மிஞ்சும் கசடு ஆண்டுக்காண்டு உயரும். கசடு உயர்ந்தால் நீர் தங்கும் இடம் சுருங்கும். படிவதற்கு நேரம் கிடைக்காத கழிவு அப்படியே சாலையோரக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போய்விடும். கிணறு அருகில் இருந்தால் அதிலும் நோய்க்கிருமிகள் சேரலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வரவழைத்துக் கசடை அகற்றச் சொல்வது இதனால்தான். வீட்டுக்காரர் மிச்சப்படுத்தியதாக நினைக்கும் பணத்தை, ஆற்றோரத்தில் வாழும் இன்னொரு குடும்பம் நோயாகக் கட்டுகிறது.

யார் பணம் கட்டுவது?

ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டது. கிராமங்களில் நீண்ட குழாய்களைப் பதிப்பதற்குப் பதிலாக, ‘ஜோகாசோ’ எனும் சிறு சுத்திகரிப்புத் தொட்டியை வீட்டுக்கு வீடு வைத்தார்கள். அதற்குள் காற்றைச் செலுத்தும் கருவி இருப்பதால், சாதாரண செப்டிக் தொட்டியைவிட நீர் தூய்மையாக வெளிவரும். அதை வைக்கும் செலவில் ஒரு பகுதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. ஆறு எல்லாருக்கும் பொது, ஆகவே அதைக் காக்கும் செலவிலும் எல்லாருக்கும் பங்குண்டு என்பதே அதன் அடிப்படை. கம்பத்துக் குடும்பம் ஒன்று 40 மீட்டர் குழாயின் செலவைத் தனியே சுமக்க வேண்டுமா என்று நாமும் கேட்க வேண்டியிருக்கிறது.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டுக்கு வெளியே மேன்ஹோல் மூடி இருக்கிறதா, செப்டிக் தொட்டி இருக்கிறதா என்று பெற்றோருடன் சேர்ந்து பாருங்கள். எந்த மூடியையும் திறக்காதீர்கள். உள்ளே நச்சு வாயு இருக்கும்.

2. தொட்டி என்றால், கடைசியாகக் கசடு அகற்றியது எப்போது என்று கேளுங்கள்.

3. உங்கள் வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையை 225-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை லிட்டருக்கு நீங்கள் பொறுப்பு என்பது தெரியும்.